முன்னால் பார்க்கும் முகம்

எங்கள் மகன் டெரெல் இறந்த பிறகு அவன் முகத்தை நான் மறுபடி பார்த்தது தொலைக்காட்சியில். அதுவும் இன்னொருவன் கையில்.

அந்தக் கை ஜார்விஸ் ப்ரூயிட்டுடையது. அமெரிக்காவில் கேரி என்ற ஊரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பையன். அவனும் டெரெலும் ஒரே கூடைப்பந்தை மாற்றி மாற்றித் தட்டி வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்க அவன் யாரையும் கேட்டதில்லை. டெரெலுக்குப் பத்தொன்பது வயதானபோது, ஒரு கோடைக்காலத்து மத்தியானம், பூங்கா மைதானத்தில் ஆட்டத்தின் நடுவில் பந்தைக் கீழே விட்டான். அப்புறம் அவனும் விழுந்தான். பிறவியிலேயே இதயத்தின் சுவர் தடித்துப் போயிருந்ததாம். மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஜார்விஸ்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுவரை ஓடியவன். அடுத்த வருஷம் கிழக்கே ஒரு பெரிய அணி ஜார்விஸை எடுத்துக்கொண்டது.

அவனுடைய முதல் ஆட்டங்களில் ஒன்றை எம்மெட்டின் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூரைக்குத் தார் ஊற்றும் வேலை எனக்கு. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் முதுகு என் பேச்சைக் கேட்கும்.

"டேய், ஜார்விஸ் கையில என்னடா அது கறுப்பா? கிரீஸா?" என்றார் எம்மெட். கத்தரி ஒருவன் காதோரம் நின்றிருந்தது.

"பச்சை குத்தியிருக்கான், மாமா. இப்ப எல்லாரும் குத்துறாங்க," என்றான் காத்திருந்த பையன்களில் ஒருவன்.

"அந்தக் காலத்துல ஆட்டக்காரன் கை, கை மாதிரி இருக்கும். இப்ப பஸ் நிலையத்துக் கக்கூஸ் சுவரு மாதிரி கிறுக்கி வச்சிருக்கானுங்க. ஜெயிலுக்குப் போய் வந்தவன் குத்துவான், கப்பல்ல போனவன் குத்துவான். இவனுங்க எங்கடா போனானுங்க?"

"மாமாவுக்குப் பொறாமை. அவர் கையில குத்தினா சுருக்கத்துக்குள்ள எழுத்து காணாமப் போயிடும்ல?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போது ஜார்விஸை எதிரணிக்காரன் ஒருவன் இடித்தான். யாரும் மறிக்காமல் கூடைக்கு எறிய ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். கோட்டில் வந்து நின்றான். பந்தை வாங்கும் முன் இடது கையால் தன் வலது தோளுக்குக் கீழே மெல்லத் தட்டினான். கேமரா அங்கே கிட்டே போனது.

எம்மெட் கத்தரியை நிறுத்திவிட்டார்.

"லான்ஸோ," என்றார். "அது உன் புள்ளடா."

தொலைக்காட்சியில் பேசுகிறவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தெருவில் துப்பாக்கிக்குப் பலியான நண்பன் அது என்றான். வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி வெர்லீனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுட்டாங்களாமே?" என்றாள் என்னைப் பார்க்காமல். "யாரு சுட்டது? கடவுளா?"

அப்புறம், "ஆனா எவ்வளவு அழகா இருக்கான் பாத்தியா," என்றாள்.

அழகாகத்தான் இருந்தான். கொஞ்சம் திரும்பிய முகம், பாதிச் சிரிப்பு, புருவத்தைப் பிளந்துகொண்டு ஓடும் தழும்பு. எங்கள் பூங்காவில் கூடைக்குக் கயிற்று வலை நிற்காது என்று நகராட்சிக்காரர்கள் இரும்புச் சங்கிலி வலை மாட்டியிருந்தார்கள். பதினாறு வயதில் எம்பித் தொங்கும்போது அதன் கொக்கி டெரெலின் புருவத்தைக் கிழித்துவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு பிடித்திருந்தது. அதனால் அவனுக்கும் பிடித்திருந்தது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. தழும்பு பக்கம் மாறி இருந்தது. ஏதாவது டிவிக் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெயில்காலத்தில் ஜார்விஸ் ஊருக்கு வந்தான். கையில்லாத பனியனோடு எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டான். டிவிக் கோளாறு இல்லை. என் மகனுக்கு இடது புருவத்தில் தழும்பு. ஜார்விஸ் கையில் இருந்தவனுக்கு வலது புருவத்தில்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் டெரெல் என்னோடு வேலைக்கு வந்தான். ட்ரக்கில் இடப்பக்கம் ஸ்டியரிங்கில் நான், எனக்கு வலப்பக்கம் அவன். விடியற்காலை வெளிச்சத்தில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவான். போகும்போதும் வரும்போதும் நான் பார்த்தது அவன் இடது கன்னத்தை. தழும்பு என் பக்கம் இருந்தது.

மறுநாள் ஹாலிஸின் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் பிராட்வே தெருவில் பச்சை குத்துகிறவன். கறுப்புத் தோலில் முகம் குத்த அவனை விட்டால் அந்நாளில் ஆளில்லை. மெல்லிய கோடு எங்கள் தோலில் நிற்காது, நிழலை வைத்துத்தான் முகத்தை எடுக்க வேண்டும் என்பான். எடுப்பான். அவன் கடை வாசலில் அப்போதெல்லாம் கூட்டம். உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் அனுமதிச் சீட்டில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"தழும்பு பக்கம் மாறிப் போச்சே, ஹாலிஸ்," என்றேன்.

அவன் கையுறையைக் கழற்றாமலே நின்றான்.

"போட்டோவுல பையன் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தான், அண்ணே. வலது கையில அப்படியே குத்தினா மூஞ்சி முதுகுப் பக்கம் திரும்பிடும். எந்த முகமும் முன்னாலதான் பாக்கணும். புலியோ, ஏசுவோ, பெத்த தாயோ, எதுவா இருந்தாலும் ஆளு போற திசையில பாக்கணும். பின்னால பாக்க வச்சா, விட்டுட்டு ஓடுற மாதிரி ஆயிடும். இது எங்க தொழில்ல எல்லாரும் பண்றது. அதான் படி எடுத்த தாளைத் திருப்பிப் போட்டேன்." கையுறையைக் கழற்றினான். "தழும்பு எனக்கு ஞாபகம் வரல, அண்ணே. சத்தியமா."

"போட்டோ எங்க?"

மேலே தாளை வைத்து அழுத்தி வரைந்ததில், வாஸ்லினும் மையும் பட்டு முகமே தெரியாமல் போய்விட்டதாம். தழும்பு வந்த பிறகு டெரெல் எங்களுக்கு எடுக்கக் கொடுத்த ஒரே படம் அது, ஜார்விஸ் எங்களிடம் கேட்டு வாங்கிப் போனது. மீதியெல்லாம் பல் விழுந்த வயதுப் படங்கள்.

ஹாலிஸ்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூரைக்காரனுக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் பார்த்துத்தான் எதையும் போடத் தெரியும். வீட்டுக்கு வந்து வெர்லீனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஆட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். டெரெலை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் சுவரில் ஒன்றும் ஒட்டியதில்லை, ஒரு காலண்டர்கூட. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆட்டம் பார்க்கிற விதமே தனி. மற்றவர்கள் ஜார்விஸ் பந்து போட வேண்டும் என்று கத்துவார்கள். வெர்லீன் அவனை யாராவது அடிக்க வேண்டும் என்று கத்துவாள்.

"இடிடா அவனை! உனக்கு முழங்கை எதுக்கு இருக்கு, முட்டாப் பயலே, இடி!"

இடித்தால்தான் ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோ கிடைத்தால்தான் அவன் கோட்டில் நின்று தோளைத் தட்டுவான், கேமரா கிட்டே வரும். அப்போது வெர்லீன் திரையில் விரலை வைத்து அந்தத் தழும்பைத் தடவுவாள். வலது புருவத்தில்.

வருஷங்கள் ஓடின. ஆட்டக்காரர்களின் கைகள் நிறைந்துகொண்டே வந்தன. முதலில் தோளில் ஒரு முகம், ஒரு பெயர். பிறகு முழங்கை வரை, மணிக்கட்டு வரை, கழுத்து வரை. செத்துப்போன அண்ணன், பிறந்த மகள், வளர்ந்த தெருவின் எண் என்று ஒவ்வொருவனும் தன் வீட்டையே தோலில் கட்டிக்கொண்டு ஆடினான். எம்மெட்டின் கடையில் திட்டு ஓய்ந்துவிட்டது. எம்மெட்டே முன்கையில் தன் செத்த நாயின் பெயரைக் குத்திக்கொண்டார். எங்கள் பாஸ்டர் மட்டும் விடவில்லை. உடம்பில் எழுத்துக் குத்தக் கூடாது என்று லேவியராகமத்தில் இருக்கிறது, சகோதரி, என்றார்.

"அப்போ தம்பியைக் கொன்ன காயீன் மேல அடையாளம் போட்டது யாரு, பாஸ்டர்? கடவுள்தானே?" என்றாள் வெர்லீன். "எந்தக் கடையில?"

ஜார்விஸ் ஒரு தடவை ஷூ விளம்பரம் ஒன்றுக்குப் போய், பாதியில் எழுந்து வந்துவிட்டான். கையிலிருக்கும் முகத்தின்மேல் பவுடர் பூசி மறைக்கச் சொன்னார்களாம். "இன்னொரு தடவை டெரெலை மூட நான் விட மாட்டேன், மிஸ் வெர்லீன்," என்று போனில் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள். இப்படிப்பட்டவனிடம் போய், தம்பி, பக்கம் மாறிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

அந்த முகம் பரவியது. ஜார்விஸ் டெரெல் பேரில் கோடைக்காலப் போட்டி நடத்தினான். சட்டைகளில் அந்த முகம். பூங்காச் சுவரில் ஆள் உயரத்துக்கு அந்த முகம். டெரெலைப் பார்த்தே இராத பையன்கள் கைகளில் அந்த முகம். எங்கே திரும்பினாலும் என் மகன், எங்கே திரும்பினாலும் அவன் இல்லை.

போன வசந்தத்தில் ஜார்விஸின் முழங்கால் போயிற்று. ஆட்டத்தை விட்டு நிற்கப் போவதாக அறிவித்தான். நிற்பதற்கு முன் ஒரு காரியம் செய்ய ஆசை என்றான். டெரெலின் கல்லறையில் தரையோடு தரையாக ஒரு சின்னப் பலகைதான் கிடந்தது. அதை எடுத்துவிட்டுக் கறுப்புக் கருங்கல் வைக்க வேண்டும், கல்லில் டெரெலின் முகத்தைச் செதுக்க வேண்டும். தன் கையைப் படம் பிடித்துக் கல்லுக்காரர்களுக்கு அனுப்பியும் விட்டான். சனிக்கிழமை அவன் வரும்போது பெற்றவர்கள் சரி என்று சொன்னால் வேலையைத் தொடங்குவார்கள்.

சட்டை கிழியும். சுவரை மழை கரைக்கும். கல் அப்படியில்லை. நாங்களும் போன பிறகு, அவன் யார் என்று அது மட்டும்தான் சொல்லிக்கொண்டு நிற்கும். அன்று சாப்பாட்டு மேஜையில் வெர்லீனிடம் சொல்லிவிட்டேன்.

"தழும்பு இடது புருவத்துல, வெர்லீன்."

"எந்தத் தழும்பு?"

"டெரெலோடது. ஜார்விஸ் கையில இருக்கிறது திருப்பிப் போட்டது. ஹாலிஸே சொன்னான்."

"உனக்குத் தார்ப்புகை மூளைக்கு ஏறிடுச்சு."

"ட்ரக்ல என் பக்கத்துல உக்காருவான். என் பக்கம்தான் தழும்பு."

"நீ ரோட்டைப் பாத்தியா, புள்ள மூஞ்சியைப் பாத்தியா? தையல் போட்ட இடத்துல ராவும் பகலும் மருந்து போட்டவ நான். என்கிட்ட வந்து எந்தப் புருவம்னு சொல்றியா?"

"சரி. எப்படிப் போட்ட? காட்டு."

ஸ்பூனைக் கீழே வைத்தாள். எதிரே அவன் உட்கார்ந்திருப்பது போல வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரல் நேராகப் போயிற்று, எனக்குத் தெரிந்த அந்த இடத்துக்கு, அவன் இடது புருவத்துக்கு. அங்கே நின்றது. அவள் கண்ணை மூடினாள். பிறகு அந்தக் கை காற்றில் மெல்ல மறுபக்கம் நகர்ந்தது.

"இங்க," என்றாள்.

"என்னைக் குழப்பாத, லான்ஸோ. அவன் எனக்குத் தெளிவா தெரியறான். கண்ணை மூடினா தெரியறான். அதையும் எடுத்துடாத." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கல்லுல வேற எவன் மூஞ்சியாவது வச்சா, நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். சொல்லிட்டேன்."

சனிக்கிழமை ஜார்விஸ் வந்தான், நொண்டிக்கொண்டு. வெர்லீன் கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அவனை ட்ரக்கில் ஏதோ பார்க்க வேண்டும் என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"வண்டியில என்ன ரிப்பேரு, மிஸ்டர் லான்ஸோ? இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்னா கேக்க மாட்டீங்க."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நீதான் ஓட மாட்டேங்கிற."

சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே சொல்லிவிட்டேன். தழும்பு, ஹாலிஸ், தாளைத் திருப்பிப் போட்டது, எல்லாம்.

அவன் தலையை ஆட்டினான். "இல்லையே. இடது புருவத்துலதானே இருக்கு? தினமும் காலையில பல் விளக்கும்போது பாக்கிறேனே. அவனுக்கு குட்மார்னிங் சொல்லாம நான் வெளிய போனதே இல்ல."

"கையைப் பாரு."

கழுத்தை வளைத்துப் பார்த்தான். தோளுக்குக் கீழே இருப்பதை யாராலும் நேராகப் பார்த்துவிட முடியாது. பாதி நெற்றியும் காதும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். "வாங்க," என்று என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனான். குளியலறைக்குள் நாங்கள் இரண்டு பேர் நிற்பதே கஷ்டம். சட்டையைக் கழற்றினான். நெஞ்சில் அவன் அம்மா பெயர், விலாவில் சிறகு, இடது கை முழுக்க எழுத்தும் முள்ளும். வலது கையில் டெரெல் மட்டும். சுற்றிலும் ஒன்றும் குத்த விடாமல் வைத்திருந்தான். விளக்கைப் போட்டு, வலது தோளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினான்.

"பாருங்க," என்றான்.

கண்ணாடியில் என் மகன் இருந்தான்.

இடது புருவத்தில் தழும்பு. சிரித்தால் எந்தப் பக்கம் உதடு முதலில் ஏறுமோ அந்தப் பக்கம் ஏறியிருந்தது. அந்தத் தாடை, அந்தக் காது. மை மங்கியிருந்தது, தோல் தளர ஆரம்பித்திருந்தது. இருந்தும் அவன்தான்.

ஜார்விஸ் கண்ணாடியையும் என் முகத்தையும் பார்த்தான். என் கண் கண்ணாடியிலிருந்து அவன் கைக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"கண்ணாடியில மட்டும்தான்," என்றான். "நான் பாத்தது எல்லாம் கண்ணாடியிலதான். சட்டையிலயும் சுவர்லயும் இருந்ததை நான் உத்துப் பாத்ததே இல்ல. அப்போ ஊரே பாத்தது... மிஸ்டர் லான்ஸோ, இத்தனை வருஷமா நான் யாரைக் காட்டிக்கிட்டு இருந்தேன்?"

"அவனைத்தான். அழாத."

"மிஸ் வெர்லீனுக்குத் தெரியுமா?"

நான் அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் அவள் இதைப் பார்த்தால் போதும், பார்த்த நொடியில் அந்தக் கட்டைவிரல் முதலில் போன இடத்துக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தேன். கையெல்லாம் சோளமாவோடு வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு ஆம்பளைங்க பாத்ரூம்ல என்ன பண்றீங்க? இவன் ஏன் சட்டை இல்லாம நிக்கிறான்?"

"கண்ணாடியில பாரு, வெர்லீன். அவன் கையை."

அவள் பார்த்தாள். மெதுவாகப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேருந்தில் தெரிந்த முகம் போல இருக்கிற யாரையோ பார்ப்பது போல.

"யாரு அது?" என்றாள்.

ஜார்விஸ் மூச்சை இழுத்தான்.

"டெரெல்," என்றேன்.

"இல்ல." மரியாதையாகச் சொன்னாள். மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "கொஞ்சம் சாடை இருக்கு. ஆனா இவன் இல்ல."

கண்ணாடியை விட்டுத் திரும்பி, ஜார்விஸின் கையைத் தன் பக்கம் திருப்பினாள். தோலில் இருந்த முகம் அவளைப் பார்த்தது. அவள் முகம் இளகியது. அவன் வலது புருவத்தில் கட்டைவிரலை வைத்து, எத்தனையோ ஆட்டங்களில் திரையில் தடவியது போலத் தடவினாள். அங்கே மாவு ஒட்டியது.

"இதோ இருக்கான்," என்றாள். "இவனை விட்டுட்டு அங்க என்னத்தைத் தேடுறீங்க?" பிறகு மூக்கை உறிஞ்சினாள். "மீன் கருகுது." போய்விட்டாள்.

குளியலறைக்குள் வறுவல் வாசனை வந்தது. ஜார்விஸ் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"திருப்பிச் செதுக்கச் சொல்றேன்," என்றான். "ஒரு போன் பண்ணினாப் போதும். சரியா வச்சுடலாம். அவங்க போகப்போகப் பழகிடுவாங்க."

"அவ வர மாட்டா."

"வருவாங்க, மிஸ்டர் லான்ஸோ."

"எட்டிக்கூடப் பாக்க மாட்டா. அவளுக்கு அங்க வேற எவனோ படுத்திருப்பான்." சமையலறைப் பக்கம் தலையைக் காட்டினேன். "உன் கையில இருக்கிற மாதிரியே செதுக்கச் சொல்லு."

"அது தப்பான பக்கம்."

"தெரியும்."

"அப்போ சரியானது யாருக்கும் தெரியாமலே போயிடுமே."

அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, கல்லுக்காரர்களிடம் பேசினான். ஆமாம், படத்தில் இருக்கிறபடியே. ஆமாம், பெற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் மாற்ற வேண்டாம். வைத்துவிட்டு எழுந்தான். கொக்கியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான்.

சமையலறையிலிருந்து வெர்லீன், "ஆறிப்போன மீனை என் தலையில கட்டாதீங்க ரெண்டு பேரும்," என்று கத்தினாள்.

"வர்றோம், மேடம்," என்றான் ஜார்விஸ், ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டே.

"இப்ப போடாத," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சட்டையை மறுபடி கொக்கியில் மாட்டினான். முழங்கால் வலியோடு கண்ணாடிப் பக்கம் திரும்பி, தோளை விளக்குக்கு நேராக வைத்து, அசையாமல் நின்றான்.